தமிழ் டீச்சர் ஊற்றிய கருப்பு மை

கோமதிநாயகம் ஒரு பேனாவைக் கையில் வாங்கினால் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பான். அதற்குப் பிறகுதான் நிப்பு, கழுத்து, நிப்புக்கு அடியில் மையை இறக்குகிற நாக்குக்கட்டை எல்லாம். மை காய்ந்து புளித்திருக்கிறதா, தண்ணீர் கலந்து ஊற்றியிருக்கிறார்களா, ஒரு மையின் மேல் இன்னொரு மையை ஊற்றி இரண்டும் உள்ளே திரிந்து போயிருக்கின்றனவா என்பதை மூக்கே சொல்லிவிடும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பேனாக் கடையில் சில வருஷங்கள் வேலை பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் அது. பிறகு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து, ரத வீதி முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்தான். ‘கோமதி பேனா ஆஸ்பத்திரி’ என்று போர்டு. பக்கத்துக் கடை மைதீன் பாட்சாவுடையது. நோட்டு, சிலேட்டு, மைப்பாட்டில் விற்கிற கடை.

வீட்டில் அவனும் அவன் அக்காள் பார்வதியம்மாளும்தான். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கரிவலத்துப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. அதை வாரத்துக்கு விட்டு, வந்த நெல்லை வைத்துத் தம்பியை ஆளாக்கினாள் அக்காள். கல்யாணம் ஆக வேண்டிய வயதெல்லாம் அவளுக்கு அதிலேயே கழிந்தது. தெருவில் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், “அவன் ஒரு நிலைக்கு வரட்டும்” என்று மட்டும் சொல்வாள். அவன் ஒரு நிலைக்கு வந்தபோது அவளுக்கு முன் நெற்றியில் நரை விழுந்திருந்தது. கோமதிநாயகத்துக்கு மனசில் இருந்த ஒரே கடன் அது. அக்காளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தன்னைப் பற்றி நினைக்க வேண்டும் என்று யாரும் கேட்காமலேயே முடிவு செய்துகொண்டிருந்தான்.

செல்வமணி டீச்சர் முதல்முதலாகக் கடைக்கு வந்தது எழுபத்து மூன்றில், ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த தமிழ் டீச்சர். சொந்த ஊர் பாளையங்கோட்டை. இங்கே இன்னும் இரண்டு டீச்சர்களோடு சேர்ந்து வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருந்தாள். சேலைத் தலைப்பில் நீலப் பொட்டாக மை தெறித்திருந்தது. கைப்பையிலிருந்து கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய பேனாவை எடுத்து நீட்டினாள்.

“ரெண்டு வார்த்தை எழுதுது அண்ணாச்சி. மூணாவது வார்த்தை வெளுத்துப் போகுது. உதறினா மொத்தமா ஊத்திருது. எங்க அப்பா கொழும்புல வேலை பாக்கும்போது வாங்கின பேனா. வேற வாங்கிக்கோன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு மனசு வரல.”

தங்க நிப்பு. அந்த ஊரில் அப்படி ஒரு நிப்பு அவன் கைக்கு வந்ததில்லை. மறுநாள் வரச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தான். ரப்பர் துண்டால் பிடித்து நிப்பையும் நாக்குக்கட்டையையும் பைய உருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டான். முதலில் நீலம் வந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற, பிறகு ஊதா வந்தது, கடைசியில் பச்சை. எந்தக் காலத்திலோ கொழும்பில் ஊற்றியவையெல்லாம் கட்டையின் மெல்லிய வரிகளில் மண்டியாகப் படிந்து, மை இறங்கும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. நூலளவு பித்தளைத் தகட்டை அந்த வரிகளில் விட்டு அழுக்கை எடுத்தான். நிப்பின் நடுப்பிளவும் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ அழுத்தி எழுதியிருக்கிறார்கள். பிளவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, ஒரு மயிரிழை வெளிச்சம் அடிமுதல் நுனிவரை தெரிகிறவரைக்கும் நகத்தால் நெகிழ்த்தினான்.

மறுநாள் அவள் கடை முன்னாலேயே நின்று தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். மை ஒரே சீராக இறங்கியது. “எங்க அப்பா எழுதுத மாதிரியே இருக்கு” என்றாள். அவ்வளவுதான். பேனாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும், திரும்பவும் வந்தாள். பேனா எழுதவே இல்லை. மூடியைத் திறந்ததுமே கோமதிநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது. அரக்கு வாடை. படம் வரைகிறவர்கள் தொட்டு எழுதுகிற கருப்பு மை. அது பேனாவுக்குள் போகக்கூடாது, காய்ந்தால் கல். அவன் அதைச் சொன்னபோது, தெரியாமல் ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, கருப்பு முழுவதும் கரைந்து போகப் பாடுபட்டுச் சுத்தம் செய்து கொடுத்தான். அடுத்த மாதமும் அதே கருப்பு மை. அதற்கு அடுத்த மாதமும். அவனுக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு அருமையான பேனாவை இப்படிப் பாழாக்குகிறாளே, இவளுக்கு ஒரு தடவை சொன்னால் புரியாதா என்று நினைத்தான். ஆனால் மாதக் கடைசி நெருங்கினால் அவன் கண் தன்னால் பள்ளிக்கூடம் விடுகிற பக்கம் போயிற்று. தினம் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்திருந்தான். அதை அவனே கவனிக்கவில்லை. இன்னொன்றையும் வெகுநாள் கவனிக்கவில்லை. அவள் வாயிலிருந்து ‘அண்ணாச்சி’ என்ற சொல் எப்போதோ நின்று போயிருந்தது.

எடுத்துச் சொன்னவன் மைதீன் பாட்சாதான். ஒரு மத்தியானம் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தன் கடையில் கருப்பு மைப்பாட்டில் வாங்குகிற ஒரே ஆள் அந்த டீச்சர்தான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

“பேனாவுக்கு ஆகாதும்மான்னு நானே சொன்னேன் வே. தெரியும்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போகுது. தமிழ் டீச்சருக்கு எதுக்குவே படம் வரையுத மை? ஊர்ல உள்ள பேனாவையெல்லாம் மோந்து பாக்கீரு, இது உமக்குத் தெரியலியாக்கும்.”

கோமதிநாயகம் டீ கிளாசைக் கீழே வைத்தான். அன்று அதற்குமேல் அவனுக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த முறை அவள் வந்தபோது பேனாவை வாங்கினான், மூடியைத் திறக்கவில்லை. கண்ணை நிமிர்த்தாமல் சொன்னான்:

“டீச்சர், இந்த மைய இனிமே ஊத்தாதீங்க. பேனா செத்துப் போகும். பேனா நல்லா எழுதினாலும் நீங்க இங்கன வரலாம்.”

“பேனா நல்லா எழுதினா, என்ன சொல்லிக்கிட்டு வருவேன்?” என்று கேட்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. கடைக்கு வெளியே அவர்கள் சந்தித்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் வந்து நிற்பாள். வகுப்பில் பிள்ளைகள் எழுதிய கூத்துகளைச் சொல்வாள். அவன் ஒரு நிப்பைக் கண்ணாடித் துண்டில் சுழித்துச் சுழித்துத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஊரே அந்த வழியாகத்தான் போகும். அதனால் அதில் ஒளிவுமறைவும் இல்லை, நெருங்கி நிற்க இடமும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் பேசி, கல்யாணம் செய்துகொள்வது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டுப் பெண். அவன் பிள்ளைமார் வீடு. ஊர் பேசும், சாதிசனம் விலகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தன் அப்பா முதலில் வருத்தப்படுவார், பிறகு சம்மதிப்பார் என்று அவள் சொன்னாள். சொந்தக்காரர்கள் விலகினால் விலகட்டும் என்று அவனும் நினைத்தான். ஆனால் அக்காள் இருக்கிறாள். வேதக்காரப் பெண்ணைக் கட்டியவனின் அக்காளை எந்த மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்பார்கள்? அவள் கல்யாணம் முடிகிறவரைக்கும் பொறுக்க வேண்டும் என்றான். செல்வமணி யோசிக்கவே இல்லை. பொறுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அக்காளிடம் அவன் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தெரிந்தால், தம்பிக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று எவனுக்காவது கழுத்தை நீட்டிவிடுவாள் என்று பயந்தான்.

மாப்பிள்ளைகள் வராமல் இல்லை. வயது கூடியவள் என்பதால் பெண்டாட்டி செத்தவர்களாகவும், கடைசித் தங்கச்சிவரை கரையேற்றிவிட்டு அதுவரை கல்யாணம் செய்யாமல் இருந்தவர்களாகவும் வந்தார்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். பிறகு தகவலே இல்லை. அடுத்த வருஷம் வந்த இடமும் அப்படியே. கை நனைத்துவிட்டுப் போனவர்கள், ஜாதகம் சரியில்லை என்று ஆள் மூலமாகச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கோமதிநாயகம் ஒடிந்து போவான். அம்மன் சன்னிதியில் போய் நின்று புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வருவான். பிறகு செல்வமணியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவிப்பான். அவளே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, வேறு பேச்சு பேசுவாள்.

இப்படியே எழுபத்தெட்டு வந்துவிட்டது. சித்திரையில் அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார். கண்ணை மூடுவதற்குள் மகளுக்கு ஒரு கல்யாணம் பார்த்துவிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுவந்துவிட்டார்கள். மதுரையில் வேலை, நல்ல மனுஷன் என்றார்கள். வைகாசி பிறந்து சில நாள் கழித்து, பள்ளிக்கூட விடுமுறையிலும் இதற்கென்றே பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வந்தாள் செல்வமணி. கடை முன் வந்து நின்றாள். மைதீன் பாட்சா எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டான்.

எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, “ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கே எங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லிருதேன்” என்றாள்.

அப்போது ராயகிரியிலிருந்து சண்முகையா என்று ஒருவர் அக்காளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். விவசாயம், அமைதியான ஆள். ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று ஏறக்குறைய முடிவே ஆகியிருந்தது. இந்த நேரத்தில் தன் சேதி வெளியே வந்தால் அதுவும் போய்விடும்.

“ஆவணி மட்டும் பொறுங்க டீச்சர்” என்றான் கோமதிநாயகம். “இந்தத் தடவை கண்டிப்பா அமைஞ்சிரும்.”

“நான் பொறுப்பேன். எங்க அப்பா பொறுப்பாங்களான்னு தெரியலியே.”

மேஜைமேல் கிடந்த நிப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். வெகு நேரம் காத்திருந்தாள். பஸ் ஹாரன் அடித்தது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளேயே வைத்துக்கொண்டாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இனிமே நீல மையே ஊத்திக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனியில் ராயகிரிச் சம்பந்தமும் நின்று போயிற்று. காரணம் சொல்லவில்லை. இந்தத் தடவை கோமதிநாயகத்தால் சும்மா இருக்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு, அக்காளிடம் சொல்லாமல் ராயகிரிக்குப் பஸ் ஏறினான். சண்முகையா வயலிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் சங்கடப்பட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே பார்வதியம்மாள் அடுப்படியில் வைத்து அவருடைய தாயாரிடம் பேசியிருக்கிறாள். தாயார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாள் பார்க்கவே, பிறகு ஆள் விட்டும் சொல்லியிருக்கிறாள்.

“ஒங்க அக்காவே வேண்டாம்னு சொல்லிட்டாக. ‘நான் போயிட்டா என் தம்பிக்குப் பொங்கிப் போட ஆள் இல்ல. அவனுக்கு ஒருத்தி வந்த பெறகு பாப்போம். நீங்களே வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும், அவனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போவான்’னு எங்க அம்மாகிட்ட கெஞ்சினாகளாம். நான் என்ன செய்ய, சொல்லுங்க.”

திரும்பி வருகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. கரிவலம்வந்தநல்லூர் மாப்பிள்ளை வீட்டிலும் இதேதான் நடந்திருக்கும்; அடுத்த வருஷம் வந்த இடத்திலும் இதேதான். அக்காள் போகட்டும் என்று அவன் காத்திருந்தான். தம்பிக்கு ஒருத்தி வரட்டும் என்று அக்காள் காத்திருந்தாள். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே.

வீட்டுக்கு வந்து அக்காளிடம் கேட்டான். அவள் மறைக்கவில்லை. நீ மட்டும் ஏன் இத்தனை வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டபோதுதான் செல்வமணி என்ற பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நேரில் எப்போதும் டீச்சர்தான். வேதக்காரப் பெண் என்பதையும், அவளுக்கு மதுரையில் மாப்பிள்ளை பார்த்திருப்பதையும் சொன்னான்.

பார்வதியம்மாள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேதக்காரப் பிள்ளைன்னா என்னலே? அது நம்ம வீட்டுச் சோத்தைத் திங்காதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போயிக் கையைப் புடிச்சுக் கூட்டியாந்திருப்பேனே மக்கா.”

விடிந்ததும் அவளே கிளம்பினாள். நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வைக்கிறதற்குப் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு, அவனை இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது, ஆகியிருக்காது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குள்ளும் அந்த ஆசை இருந்தது.

தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் பந்தல் போட்ட மூங்கில் குழிகள் இன்னும் மூடப்படாமல் இருந்தன. கல்யாணம் போன வாரமே முடிந்திருந்தது.

உள்ளே கட்டிலில் செல்வமணியின் அப்பா படுத்திருந்தார். யாரென்று அவர் கேட்க, சங்கரன்கோவிலில் பேனாக் கடை வைத்திருப்பதாகக் கோமதிநாயகம் சொன்னான். அந்தப் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. தலையணையில் கையூன்றி எழுந்து உட்காரப் பார்த்தார்.

“பேனாக்காரத் தம்பியா? ஒங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாதுய்யா. என் பேனா இன்னைக்கும் உசுரோட இருக்குன்னா நீங்கதான் காரணம்னு சொல்லுவா. மதுரைக்குப் போகும்போது நகைநட்டைவிட அதைத்தான் முதல்ல எடுத்துப் பத்திரப்படுத்தினா.”

வீட்டிலிருந்த யாரோ இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்வதியம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. தன் உடம்பைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

“அழாதீங்கம்மா. இனி எனக்கு ஒரு கொறையும் இல்ல. பிள்ளைய நல்ல எடத்துல கொடுத்துட்டேன்” என்று ஆறுதல் சொன்னார்.

பழத்தையும் பூவையும் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் வைப்பதைப் போலக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அவர் அந்த வருஷக் கடைசியில் இறந்துபோனதாக, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி மூலம் பின்னால் தெரிய வந்தது. செல்வமணி மதுரைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டதும் அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவனும் விசாரிக்கவில்லை.

பார்வதியம்மாள் அதற்கப்புறம் தம்பிக்குப் பெண் தேடாத இடமில்லை. அவன் எதற்கும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்று சண்டை போடவும் இல்லை. ஜாதகத்தை யாராவது கொண்டுவந்து வைத்தால், சாப்பிட்டுவிட்டு எழுந்து கடைக்குப் போய்விடுவான். சண்முகையாவுக்கு இன்னமும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்து, அக்காளையாவது போகச் சொல்லி மன்றாடினான். அவள் அசையவில்லை. இவ்வளவு செய்துவிட்டு நான் எந்த முகத்தோடு போய் வாழ்வேன் என்றாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. பண்டிகை நாளில் வரும் சொந்தக்காரர்கள், அக்காள் தம்பி ஒற்றுமை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

எண்பத்து நான்கில் அக்காளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். எழுந்து நடமாட முடியாமல் படுத்துவிட்டாள். கோமதிநாயகம் கடையைச் சாத்திவிட்டு வீட்டிலேயே இருந்தான். மைதீன் பாட்சாவின் மனைவி ஷரீபா பீவியிடம் கேட்டுக் கேட்டுச் சோறு குழைய வடிக்கவும், மிளகு போடாமல் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டான். நிப்பின் பிளவைப் பார்க்கிற அதே கவனத்தோடு உலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

முதல் நாள் கிண்ணத்தில் பிசைந்து கொண்டுபோய் வாயில் ஊட்டினான். நன்றாகத்தான் இருந்தது. பார்வதியம்மாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயை விழுங்க முடியாமல் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ்வளவுதானாலே? இத நாலு நாள்ல படிச்சிட்டியே. இதுக்காகவா நான் ஒன் வாழ்க்கைய மறிச்சேன்?”

அவள் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டி, அவள் அழுது முடிகிறவரைக்கும் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மழைக்காலம் தொடங்குகிறதற்குள் அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மைதீன் பாட்சாதான் வந்து, பூட்டிக் கிடந்த பேனா ஆஸ்பத்திரியின் பலகைக் கதவைத் தூக்கி மாட்டி, அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்காரவைத்தான். காலாண்டுப் பரீட்சைக் காலம். ரிப்பேருக்கென்று மைதீன் கடையில் கொடுத்துவிட்டுப் போன பேனாக்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருந்தன. கோமதிநாயகம் வெகு நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தான். பிறகு, மேலே கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகி, முகர்ந்து பார்த்தான்.